கீழ்வீட்டு மீட்டர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வரவேண்டியதே இல்லை. மின்சார ஸ்கூட்டருக்கு வீட்டில் சார்ஜ் போட்டால் எவ்வளவு ஆகும், வெளியில் போட்டால் எவ்வளவு ஆகும் என்று ஒப்பிட்டு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஓர் இணைய இதழ்க்காரர் கேட்டார். நானும் கட்டம் போட்டு உட்கார்ந்தேன். உதாரணத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று ‘ராயப்பேட்டையில் வசிக்கும் அ’ என்று ஒரு வரி எழுதினேன். அந்த அ சும்மா இருந்திருக்கலாம். தனக்கு ஒரு பெயர் வேண்டும் என்றாள். அஸ்மத்துன்னிசா என்று வைத்தேன். பெயர் வைத்த கையோடு அவளுக்கு ஒரு தொழில், வாஜித் என்று ஒரு புருஷன், கீழ்வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத ஓர் அண்ணன் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டார்கள். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. இதழ்க்காரர் போன் செய்துகொண்டே இருக்கிறார். நான் எடுப்பதில்லை.

2

முதல் தொடக்கம்: ‘மாடிப்படிக்குக் கீழே, இருட்டில், மீட்டரின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி ஒருவர்’ —

வேண்டாம். பேய்க்கதை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இரண்டாவது தொடக்கம்: ‘சுற்றுச்சூழல் குறித்த விழிப்புணர்வு பெருகிவரும் இக்காலகட்டத்தில்’ —

ஐயய்யோ. இதை யாராவது எழுதியிருந்தால் நானே படிக்க மாட்டேன்.

மூன்றாவது: அஸ்மத்துன்னிசா பிசியோதெரபிஸ்ட். மூட்டு மாற்றிக்கொண்டவர்களையும், பக்கவாதம் வந்து படுத்தவர்களையும் அவரவர் வீட்டுக்கே போய் நடக்கவைப்பவள். காலையில் அபிராமபுரம், மதியம் அடையாறு, சாயந்திரம் தி. நகர். அவளுடைய பெட்ரோல் ஸ்கூட்டர் நந்தனம் சிக்னலில் நின்றது நின்றதுதான். மெக்கானிக் கும்பிடு போட்டுவிட்டார்.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

3

அபிராமபுரத்தில் காமாக்ஷி மாமிக்குப் புது முட்டி. அதை மடக்கச் சொன்னால் மட்டும் மாமிக்கு ஊர் விஷயமெல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

“ஏன்டீம்மா அஸ்மத், கரண்ட் வண்டி வாங்கப்போறியாமே?”

“யோசிச்சிக்கினு இருக்கேன் மாமி. முட்டிய மடக்குங்க.”

“ஆத்துலேயே சார்ஜ் போட்டுண்டா செலவே இல்லைன்னு எங்க பிள்ளை சாய்நாத் கார் வாங்கிண்டு வந்து மாட்டினான். அந்தத் தடவை பில் வந்தது பாரு, ஐந்நூறு தாண்டிடுத்து. ரெண்டு நாள் ஆத்துல யாரும் யாரோடையும் பேசலை.”

“ரெண்டு நாள்தானா?” என்று கேட்டுவிட்டு அஸ்மத் சிரித்தாள். மாமிக்குப் புரியவில்லை.

(உங்களுக்குப் புரியவேண்டும் என்பதால் இங்கே கட்டுரைக்காரர் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறார். நம் ஊரில் வீட்டுக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. ஐந்நூறு யூனிட்டுக்குள் இருந்தால் சலுகை உண்டு. ஒரு யூனிட் தாண்டினாலும் சலுகை குறைந்து, ஏற்கனவே ஓடி முடிந்த யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். அதனால் சென்னைக் குடும்பஸ்தருக்கு ஐந்நூறு என்பது எண் இல்லை, லட்சுமணக் கோடு.)

அஸ்மத்தின் மாடிவீடு ஏற்கனவே அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரல் வைத்து நிற்கிறது. ஸ்கூட்டரையும் மாட்டினால் தாண்டிவிடும். வெளியே சார்ஜ் போட்டால் விலை அதிகம், அங்கே காத்துக் கிடக்கவும் வேண்டும். வண்டிக்கென்று தனி இணைப்பு வாங்கலாம். ஆனால் வண்டி நிற்கப்போகும் இடம் கீழ் நடை. பாகம் பிரித்ததில் அது அண்ணன் உமர் ஃபாரூக்குக்குப் போய்விட்டது, அவர் சம்மதம் இல்லாமல் அங்கே ஆணிகூட அடிக்க முடியாது. மிச்சம் இருப்பது ஒன்று. உமரின் கீழ்வீட்டு மீட்டர். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், இரண்டு ஃபேன், ஒரு பிரிட்ஜ். ஐந்நூறு இருக்கும் திசையில்கூட அது தலைவைத்துப் படுக்காது.

ஆக, இந்த ஊரிலேயே அவளுக்கு மலிவான மின்சாரம், பேசாத அண்ணன் வீட்டுச் சுவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கட்டத்தில் இதை எந்தப் பத்தியில் போடுவது என்று தெரியாமல்தான் பேனாவைக் கீழே வைத்தேன்.

4

உமரை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. கஞ்சன், கல்நெஞ்சன் என்று ஒரு பக்கம் முழுக்கத் திட்டி எழுதினேன். கிழித்துப் போட்டேன். ஏனென்றால் அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்.

அப்போது வீட்டுக்கு மொத்தமாக ஒரே மீட்டர். மூச்சுத்திணறல் வந்த அம்மா, பிள்ளைகள் வாயில் அம்மி, மாடியில் மகளோடு இருந்தார். அவருக்காக ஏசி மாட்டினார்கள். கோடை பில் கோட்டைத் தாண்டியது. உமருக்கும் வாஜித்துக்கும் ஏற்கனவே ஆகாது. உமர் பில்லும் கையுமாக மாடிப்படியில் நின்று கத்தினார்: “ஏசி போட்டுத் தூங்குறது நீங்க, பில்லு கட்டுறது நானா?”*

வாஜித்தைத்தான் சொன்னார். ஆனால் காதில் விழுந்தது அம்மிக்கு. “காத்து வருதே, இது எதுக்கு?” என்று அவரே எழுந்து ஏசியை அணைத்தார். அஸ்மத் அந்த மாதமே மாடிக்குத் தனி மீட்டர் வாங்கி, ஏசியை மறுபடி ஓடவிட்டாள். அண்ணனோடு பேச்சையும் அன்றோடு நிறுத்தினாள். அடுத்த வருஷம் அம்மி மவுத்தானபோது இரண்டு பேரும் ஒரே கூரைக்கடியில் அழுதார்கள், தனித்தனியாக.

தண்ணீருக்கு மட்டும் வழி வேண்டுமே. தொட்டி மாடியில், மோட்டார் சுவிட்ச் கீழே. அஸ்மத் கரண்டியால் பைப்பில் இரண்டு தட்டுத் தட்டினால் உமர் மோட்டார் போடுவார். ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்துவார். இத்தனை வருஷமாக அண்ணன் தங்கை பேச்சு இவ்வளவுதான்.

(* வீட்டில் அவர்கள் பேசுவது உருது. சண்டை மட்டும் எப்போதும் தமிழில்தான். எழுதுகிறவனுக்கு இது பெரிய உபகாரம்.)

5

இரண்டு மீட்டரும் மாடிப்படிக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அஸ்மத் போன் டார்ச்சை அடித்து, கீழ்வீட்டு மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அசர் தொழுதுவிட்டு உமர் வாசலில் வந்து நின்றார்.

“என் மீட்டர்ல இன்னா பாத்துக்கினு கீற?”

பல வருஷம் கழித்து அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை! இங்கே அவளுக்கு ஒரு நல்ல வசனம் எழுதிவைத்திருந்தேன். ‘பாய்ஜான், நடந்ததையெல்லாம் மறந்து நாம்’ — அடித்துவிட்டேன். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் எந்த ஊரில் இப்படிப் பேசுவாள்?

“யூனிட்டு பாத்தேன்” என்றாள்.

“உன் மீட்டரு பக்கத்துலதானே கீது?”

“உங்களுது எவ்ளோ ஓடுதுன்னு பாத்தேன். கரண்ட் வண்டி வாங்கலாம்னு ஒரு யோசனை. எங்களுதுல போட்டா…”

“தாண்டிடும்” என்றார் உமர். “வண்டி இல்லாமயே உனக்கு விளிம்புல நிக்குது.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

உமர் தொப்பியைக் கழற்றி மடித்தார், திரும்பப் பிரித்தார். அவரை என்ன பேசவைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. அவரே பேசினார்.

“பாப்பேன். அம்மி இருந்தப்போலேந்து பழக்கம்.” மாடிவீட்டு மீட்டரைக் காட்டினார். “இந்தச் சேப்பு லைட்டு கீதே, மெதுவா அடிச்சா ஃபேன் மட்டும். சீக்கிரம் சீக்கிரமா அடிச்சா ஏசி ஓடுது. தூங்கப் போறதுக்கு முன்னாடி வந்து பாப்பேன். வேகமா அடிச்சுதுன்னா, சரி, அம்மி நல்லாத் தூங்குறாங்கன்னு போய்ப் படுத்துக்குவேன்.”

(என் முதல் தொடக்கம் ஞாபகம் இருக்கிறதா? பேய்க்கதை என்று தூக்கிப் போட்டேனே, அதில் இருட்டில் நின்றவர் இவர்தான். எனக்கு அப்போது தெரியாது, சத்தியமாக.)

அஸ்மத்துக்கு வந்தது அழுகையா கோபமா என்று பிரிக்க முடியவில்லை, இரண்டும்தான்.

“மேல வந்து பாத்திருக்கலாமே பாய்ஜான். பதினஞ்சு படி.”

“எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?”

“அம்மி கேட்டுக்கினே இருந்தாங்க.”

உமர் தலையாட்டினார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வண்டியைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

6

இங்கே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மனசு ஒப்பவில்லை. இதழ்க்காரர் மறுபடியும் போன் அடித்தார், எடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் கீழே சுவரைக் குடையும் சத்தம். அஸ்மத் மாடிக் கைப்பிடியிலிருந்து குனிந்து பார்த்தாள். எலக்ட்ரீஷியன் நல்லசிவம் கீழ் நடையில், வண்டி நிறுத்தும் இடத்துக்கு நேராக, சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். கீழ்வீட்டு மீட்டரிலிருந்து புது வயர் ஒன்று அங்கே வந்து காத்திருந்தது.

“மழத்தண்ணி படக்கூடாது, மூடி வெச்ச பாயிண்ட்டா போடு” என்றார் உமர், தேவைக்கு மேல் சத்தமாக.

“கரண்ட் வண்டி வாங்கிட்டியா பாய்?”

“வரும்” என்றார் உமர்.

அவ்வளவுதான் சொன்னார். யாருக்கு வரும், எப்போது வரும், ஒன்றும் இல்லை. மேலே நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அஸ்மத் சமையலறைக்குப் போனாள். கரண்டியை எடுத்தாள். பைப் பக்கத்தில் வந்து நின்றாள். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. இரண்டு தட்டினால் மோட்டார் போட்டுவிடுவார், தண்ணீர் வழிந்து படியெல்லாம் ஓடும். ஒரு தட்டுக்கு ‘நிறுத்து’ என்று அர்த்தம். அதை இன்றைக்கு அவள் தட்ட மாட்டாள். ‘சார்ஜ் போட வரட்டுமா பாய்ஜான்’ என்பதற்கு இந்த வீட்டில் இதுவரை தட்டு கிடையாது.

முடிவு ஒன்று: கரண்டியை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போகிறாள். (அழகுதான். ஆனால் கீழே போனதும் அவர்கள் அழுவார்கள், எனக்கு அழுகை எழுத வராது.)

முடிவு இரண்டு: வண்டி வருகிறது, மாட்டுகிறார்கள், அடுத்த பில்லில் கீழ்வீடு ஐந்நூறுக்குள்ளேயே நிற்கிறது. (இது இதழ்க்காரருக்கு. கட்டத்தில் நாலாவது பத்தியாகப் போட்டு அனுப்பிவிடுகிறேன், பாவம்.)

முடிவு மூன்று: அவள் மூன்று தட்டு —

இல்லை. இதை எழுத எனக்கு உரிமை இல்லை. கீழே நல்லசிவம் துளைப்பதை நிறுத்திவிட்டார். உமர் ஃபாரூக் மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் வந்து, சுவரோரம் ஓடும் பைப்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். மேலே அவள் கையில் கரண்டி.

நானும் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். சத்தம் கேட்டால் எத்தனை தட்டு என்று நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள்.