ஏழாவது கட்டம்

அக்காவுக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நாள் முழுக்க வருகிறவர்களிடம் ‘அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க’ என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான். எனக்குக் கூரியர் வண்டி ஓட்டுகிற வேலை. ஓர் இடத்தில் உட்கார்ந்தால் உடம்பு அரிக்கும். சின்ன வயதிலேயே அவள் எனக்கு வைத்த பெயர் பம்பரம். நாற்பதைத் தாண்டிய பிறகு அக்கா தங்கை இரண்டு பேரும் கிளாசிக்கல் கிதார் வகுப்பில் சேர்ந்தோம். இழுத்துக்கொண்டு போனது நான்தான். கல்யாணமாகி ஆளுக்கொரு திசையில் போனபின் அவளோடு சேர்ந்து உட்கார எனக்கு வேறு சாக்கு கிடைக்கவில்லை.

வகுப்பின் ஆண்டு நிகழ்ச்சியில் இரண்டு கிதார் சேர்ந்து வாசிக்கும் பாட்டு ஒன்றே ஒன்று. அக்காவும் நானும் வாசிப்பதாகப் பேச்சு. பாட்டின் நடுவில் என் இடது கை கிதாரின் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கிற கட்டங்களில் இரண்டாவது கட்டத்திலிருந்து ஏழாவது கட்டத்துக்குத் தாவ வேண்டும். நான் தாவினால் ஆறில் விழுவேன், இல்லாவிட்டால் எட்டில். ஏழு என்று ஒன்று இருப்பதே என் கைக்குத் தெரியாது. நான் தட்டுத்தடுமாறி இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை அக்கா காத்திருப்பாள், பிறகு இருவரும் மேலே போவோம்.

டீச்சருக்கு எங்கள் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் கறார். அடுத்த ஞாயிறும் இந்த இடத்தில் பாட்டு நின்றால் அக்காவோடு கண்ணாடிக் கடைக்காரர் வாசிப்பார் என்று சொல்லிவிட்டார். கண்ணாடிக் கடைக்காரர் எங்களோடு படிப்பவர். தந்தியை மீட்டுகிற வலது கை நகங்களை வழவழவென்று தேய்த்து வைத்திருப்பார். தினமும் குறித்த நேரத்தில் கிதாரோடு உட்காருவார். அந்த மனுஷனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் எப்படிப் பழகுகிறேன் என்று டீச்சர் கேட்டார். முதலிலிருந்து வாசிப்பேன், விழுந்ததும் மறுபடி முதலிலிருந்து என்றேன்.

“வாசலையே திரும்பத் திரும்பக் கழுவுறா டீச்சர். வீட்டுக்குள்ள போகவே மாட்டேங்கறா” என்றாள் அக்கா.

டீச்சர் சிரிக்கவில்லை. “இந்த வாரம் பாட்டையே தொடாதீங்க. தாவுறதுக்கு முந்தி வர்ற சத்தம், தாவினதும் வர்ற சத்தம், அது ரெண்டு மட்டும்தான். மெதுவா. முதல்ல கண்ணு ஏழுக்குப் போகட்டும், கை பின்னால வரும். விழுந்து விழுந்து வாசிச்சா கை விழறதுக்குத்தான் பழகும்.”

மெதுவா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆகாது. திங்கட்கிழமை காலை சின்ன ஸ்டூலில் இடது காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தேன். கால் ஆடியது. எழுந்து தண்ணீர் குடித்தேன். ஏற்கெனவே சுருதி சேர்ந்திருந்த தந்திகளுக்கு மறுபடி சுருதி சேர்த்தேன். நகம் தேய்த்தேன். போனைப் பார்த்தேன். ரெண்டு சத்தம் போட இத்தனை பெரிய கிதார் எதற்கு என்று என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து கேட்டார். பார்சலோடு பார்சலாக அவரையும் எங்காவது டெலிவரி செய்துவிடலாமா என்று தோன்றியது.

சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் என் இடது கை ஸ்டியரிங்கின் மேல் தாவிக்கொண்டிருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை நுழையாது என்பார்கள். என் கைக்கு ஒரு சாண் மரக்கட்டையில் வழி தெரியவில்லை.

வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல், டீச்சர் சொன்னபடி செய்தேன். ஏழைப் பார்த்தேன். கட்டைவிரலின் பிடியைத் தளர்த்தினேன். கை போய் உட்கார்ந்தது. உடனே ஆசை வந்து வேகமாக அடித்தேன், விழுந்தேன். வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டு மறுபடி மெதுவாக. சனிக்கிழமைக்குள் கை தானாகப் போனது. அக்காவுக்கு அந்த வாரம் முழுக்க டியூட்டி, சேர்ந்து வாசிக்க முடியவில்லை. போனிலும் நான் மூச்சு விடவில்லை. அவள் முகத்தை நேரில் பார்க்க வேண்டும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் முன்னால் உட்கார்ந்தோம். அந்த இடம் வந்தது. தாவினேன். ஏழு. நிற்காமல் மேலே போனேன், அப்புறம்தான் தெரிந்தது, நான் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று. அக்கா பின்னால் நின்றுவிட்டாள். மறுபடி வாசித்தோம். மறுபடியும் நின்றாள். மூன்றாம் முறையும் அப்படியே.

டீச்சருக்கே ஒன்றும் புரியவில்லை. தயங்கித் தயங்கி, அப்படியானால் இந்தத் தடவை நீங்களும் கண்ணாடிக் கடைக்காரரும் வாசிக்கலாமே என்று என்னிடம் சொன்னார். பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பிறகு அக்கா கிதாரை உறையில் போடுவதைப் பார்த்தேன். என் கிதாரை எடுத்துக்கொண்டு, அவளையும் கிதாரோடு கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனேன். பாடம் கேட்க வந்த கண்ணாடிக் கடைக்காரர் எங்களைத் தாண்டி உள்ளே போனார்.

என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“அந்த இடத்துல நீ விழுவே. நான் நிப்பேன். அப்படியே பழகிடுச்சுடி” என்றாள் அக்கா. “வீட்டுல தனியா வாசிக்கறப்பவும் நிக்கறேன். நீ இல்லாதப்பவும் உனக்காக நிக்கறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். அவள் கிதாரை உறையிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். அந்த இரண்டு வரி மட்டும், மெதுவாக என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். வாசித்தோம். நின்றாள்.

“நான் இப்ப விழறதில்லக்கா.”

“தெரியுது. கைக்கு நம்பிக்கை வரல.”

“நம்ப வேணாம். எண்ணு.”

ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணத் தொடங்கினாள். எனக்குக் கால் பரபரத்தது. அடக்கிக்கொண்டு அவள் எண்ணுகிற வேகத்திலேயே வாசித்தேன். தாவும் இடத்தில் அவள் குரல் இழுத்தது, அறுந்துவிடும் போலிருந்தது. அறுந்துவிடவில்லை. சேர்ந்தே தாண்டினோம்.

கதவு திறந்தது. ஜோடிப் பாட்டை அவர்களே வாசிக்கட்டும், தனக்குத் தனிப்பாட்டே போதும் என்று கண்ணாடிக் கடைக்காரர் டீச்சரிடம் சொல்வது கேட்டது. நான் தலையைத் திருப்பினேன். அக்கா திருப்பவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை ஒழியாமல் எண்ணிக்கொண்டே வாசித்தாள்.