தேடல் சீட்டு

சலவைக்கு எடுத்த கணவரின் சட்டைப் பையில், காகிதத்தில் மடித்த ஒன்பது மாத்திரைகள் இருந்தன. ரத்தம் உறையாமல் இருக்க தினம் ஒன்று போட வேண்டியவை. மாரடைப்பு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. நூலகரான மனைவி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். ஒன்பது நாளாக மனுஷன் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு நாடகமாடியிருக்கிறார், இவளும் எதிரில் நின்று சமர்த்துதான் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வேறொருத்தியாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மறுநாள் நூலகத்தில், கட்டுரை தேடித்தரச் சொல்பவர்கள் நிரப்பும் தேடல் சீட்டு ஒன்றை எடுத்து, ‘பிழைத்து வந்தவர்கள் ஏன் மாத்திரையை நிறுத்துகிறார்கள்’ என்று எழுதினாள். கணினியில் உடல்நல உளவியல் பக்கம் போனதும் கட்டுரைகள் நாலாயிரத்துச் சொச்சம் கொட்டின. ஆண்கள், ஐம்பது வயதுக்கு மேல், கடந்த பத்து வருடம் என்று வடிகட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதினொன்றைப் பொறுக்கினாள்.

“யாருக்குக்கா?” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

“ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு.”

பொய் சொன்னது உறுத்தியது. சீட்டில் ‘கேட்பவர் பெயர்’ என்ற இடம் காலியாகவே இருந்தது. யார் வந்து எதைக் கேட்டாலும், “அது சரி, நிஜமா என்ன தெரியணும்?” என்று குடையாமல் அவள் தேடத் தொடங்கியதில்லை. முதலில் கேட்பதை ஒருவரும் சரியாகக் கேட்பதில்லை என்பது அவள் அனுபவம். மாணவர்கள் அவளைப் போலவே பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். இன்று குடைவதற்குத்தான் எதிரில் ஆளில்லை.

சாயங்காலம், மஞ்சள் கோடு போட்ட பதினொரு கட்டுரைகளையும் கணவர் முன்னால் வைத்தாள். அவர் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கம் புரட்டினார்.

“ஆராய்ச்சிக்கு எடுத்ததே மொத்தம் நாப்பத்தோரு பேர். அதுல ஏழு பேர் பாதியில ஓடிட்டாங்க. இந்த லட்சணத்துல சரக்கு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக் கட்டுரைகளின் மேல் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்களுக்கு நிஜமா என்ன தெரியணும்?” என்றாள். பழக்க தோஷத்தில் வந்த கேள்வி.

அவர் பொட்டலத்தை விரல் நுனியால் தள்ளி வைத்தார்.

“அதைக் கையில எடுத்தாலே, அன்னைக்குக் குளியலறையில விழுந்து கிடந்தது ஞாபகம் வருது. போடாத அன்னைக்கு நான் நோயாளி இல்ல, அவ்வளவுதான்.” பிறகு தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். “இந்தப் பயம் எப்ப போகும்னு யாராவது எழுதியிருக்காங்களா?”

பதினொன்றிலும் அது இல்லை. தப்பான கேள்விக்கு ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை நாள் இவர் தனியாகப் பயந்துகொண்டிருந்தாரே என்பதுதான் வலித்தது. கைப்பையிலிருந்து புதிய சீட்டை எடுத்து, அவர் கேள்வியை அவர் சொன்னபடியே எழுதினாள்.

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். ‘கேட்பவர் பெயர்’ என்ற இடத்தில், தொழிற்சாலைச் சான்றிதழில் கையெழுத்திடும் அதே நிதானத்தோடு தன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே, ‘எப்போதைக்குள் வேண்டும்’ என்ற இடத்தில் பேனா சற்று நின்றது.

நாளை காலை, மாத்திரை நேரத்துக்கு முன், என்று எழுதினார்.