அரை லிட்டர் வெந்நீர்

பை நாலு கிலோவைத் தாண்டினால் வரமாட்டேன் என்று என் கணவர் சுந்தரமூர்த்தி சொல்லியிருந்தார். அவர் பையும் தாண்டக்கூடாது, என் பையும் தாண்டக்கூடாது. பாதி மலையில் நான் முடியாமல் உட்கார்ந்துவிட்டால் அதையும் அவர்தானே தூக்க வேண்டும் என்பது அவர் வாதம். நிக்டியில் எங்கள் வீட்டு இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும், பயணம் நின்றுவிடும்.

எங்கள் வங்கிக் கூட்டம் ஒவ்வொரு டிசம்பரிலும் ஏதாவது ஒரு கோட்டைக்குப் போகும். எல்லோரும் ஜோடியாகப் போவார்கள். அவரவர் சுமை, அவரவர் சமையல். இவருக்கு ஒவ்வொரு வருடமும் ஏதாவது குறுக்கே வரும், நானும் வீட்டிலேயே இருந்துவிடுவேன். இந்த முறை ஹரிச்சந்திரகட் மலைக்கோட்டைக் குகையில் இரண்டு இரவு என்றதும், அதிசயமாகச் சரி என்றார். அப்புறம்தான் இந்த நாலு கிலோவைப் போட்டார். போதாததற்கு, வேளாவேளைக்குச் சூடாகக் காபியும் வேண்டுமாம்.

கேஸ் அடுப்பு கனம். அதனால் காலி பியர் டின்னை வெட்டி ஸ்பிரிட் அடுப்பு செய்ய ஆரம்பித்தேன். அடுப்பு இருபது கிராம்கூட வராது. அது குடிக்கும் ஸ்பிரிட்தான் சுமை. எந்த அடுப்பு குறைவாகக் குடிக்கிறதோ அதுதான் மலைக்கு வரும். வங்கியில் நாள் முழுதும் திட்டு வாங்கிவிட்டு வந்து, பால்கனியில் குந்தி, இரண்டு பேருக்கு அரை லிட்டர் என்று குழாய்த் தண்ணீரை வைத்து, சமையலறைத் தராசில் ஸ்பிரிட்டை நிறுத்து ஊற்றுவேன். ஒரு அடுப்பு பக்கவாட்டில் எரிந்து பாத்திரத்தின் கைப்பிடியை உருக்கியது. ஒன்று கொதிக்குமுன்னே அணைந்தது. டின்னில் போடும் ஓட்டை பெரிதானால் ஜுவாலை வீணாய்ப் போகும், சிறிதானால் காற்று தின்றுவிடும். அக்டோபர் புழுக்கத்தில் இடுப்பு கழன்றது. கடைசியில் ஒன்று பதினான்கு கிராமில் கொதிக்க வைத்தது. இரண்டு பைகளும் நாலு கிலோவுக்கு மயிரிழை கீழே நின்றன.

டிசம்பர் லீவுக்குத் திங்கட்கிழமை எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் ஞாயிறு மாலை அவரைக் கூப்பிட்டு எரித்துக் காட்டப் போனேன். சுந்தரமூர்த்தி பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவர். குறை கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம். அடுப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, தண்ணீரில் விரலை விட்டார்.

"இது டேங்க் தண்ணி. வெயில்லயே பாதி காஞ்சு வருது. டிசம்பர்ல மலைமேல ஐஸ் மாதிரி இருக்கும்."

அவர் சொன்னது சரி. அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. ஃபிரிட்ஜ் தண்ணீரை வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு கிராம் தின்றது. மூன்று நாளைக்கும் சேர்த்தால் என் பை நாலு கிலோவைத் தாண்டி அறுபது கிராம் போனது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் எடை. அந்த பிஸ்கட்டை எடுத்துவிடலாம் என்றேன், பசிக்கும் என்றார். என் ஸ்வெட்டரை எடுத்துவிடலாம் என்றேன், குளிரும் என்றார். என்மேல் அவ்வளவு அக்கறை. முகத்தில் மட்டும் பரீட்சை தள்ளிப்போன பையனின் நிம்மதி.

"ஜானே தோ, விடு ருக்மிணி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

உள்ளே போய் டிவியைப் போட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை, அசதிதான் வந்தது. வர இஷ்டமில்லை என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், டின் வெட்டி விரலையெல்லாம் கிழித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கத்தான் எடுத்தேன். ஆனால் கை ஃபிரிட்ஜ் பக்கம் போனது. கால் லிட்டர் மட்டும் ஊற்றினேன். பதினான்கு கிராம் ஸ்பிரிட்டை நிறுத்தேன். காற்று புகாமல் அட்டையைச் சுற்றி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் அடுப்பில் ஸ்பிரிட் மிச்சம் இருந்தது.

சத்தம் கேட்டு அவர் கதவருகே வந்து நின்றார். இன்னும் முடியவில்லையா என்றார். முடிந்துவிட்டது, பதினான்கு கிராமே அதிகம் என்றேன். தராசைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார்.

"ஃபிரிட்ஜ் தண்ணிதானே? எப்படி?"

"ஒரு ஆளுக்குத்தாங்க வச்சேன்."