இரு பக்கமும் அச்சான கடிதம்

சட்டமன்ற உறுப்பினர் ஒரே மசோதாவை ஆதரித்தும் எதிர்த்தும் வாக்களித்துவிட்ட செய்தி, புதன்கிழமை காலை பன்னிரண்டாயிரம் வீடுகளின் கதவிடுக்கு வழியாக உள்ளே போய் விழுந்தது. ஒரே தாள்தான். முன்பக்கம் ஆதரவு, பின்பக்கம் எதிர்ப்பு. இரண்டு பக்கமும் அதே புகைப்படம், அதே புன்னகை.

இந்தக் காரியத்தைச் செய்தவரை அலுவலகத்தில் கடுதாசி என்று கூப்பிடுவார்கள். உறுப்பினர் தொகுதி மக்களுக்கு மாதாமாதம் எழுதும் கடிதத்தை, பதினோரு வருடமாக உறுப்பினருக்குப் பதிலாக எழுதிவருபவர் அவர்தான்.

மசோதா சின்னது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிப்போய், திரும்பக் கொண்டுவந்து விடும் வேன் ஒன்று ஒரு வருடமாகப் பரீட்சார்த்தமாக ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாதத்தோடு அது நிற்கிறது. மசோதா நிறைவேறினால் தொடர்ந்து ஓடும். திங்கட்கிழமை வாக்கெடுப்பு, அன்று மாலையே கடிதம் அச்சுக்குப் போக வேண்டும். உறுப்பினர் எந்தப் பக்கம் என்று கடுதாசி மூன்று முறை கேட்டார். முதல் முறை "பார்க்கலாம்" என்றார் உறுப்பினர். இரண்டாம் முறை "நல்ல கேள்வி" என்றார். மூன்றாம் முறை கடுதாசியின் உடல்நலத்தை விசாரித்தார்.

எனவே வழக்கம்போல் இரண்டு கடிதங்கள் தயாராயின. 'மக்களின் குரலுக்குச் செவிசாய்த்து ஆதரித்தேன்' என்று ஒன்று, 'கனத்த இதயத்துடன் எதிர்க்க நேர்ந்தது' என்று இன்னொன்று. வாக்கெடுப்பு முடிந்ததும் ஒன்றை அனுப்பி மற்றதைக் கிழித்துப் போடுவது கடுதாசியின் தொழில் முறை. இதயம் கனப்பதும் கனக்காமல் போவதும் அவர் கையில்தான் இருந்தது. ஆனால் திங்களன்று அவையின் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. ஒலிபெருக்கி இல்லாமல் ஒருவரை ஒருவர் எதிர்ப்பது எப்படி என்று யாருக்கும் தெரியாததால், வாக்கெடுப்பு அடுத்த வார வியாழனுக்குத் தள்ளிப்போனது. கடுதாசி அவசர அவசரமாக 'ஒத்திவைப்பு' என்று மூன்றாவதாக ஒன்றை எழுதினார். எழுதிய களைப்பில் முதல் இரண்டையும் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, மூன்றாவதை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்துப் பூட்டினார்.

அச்சகக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அரசியல் கிடையாது. இரண்டு பக்கம் வந்தது, தாளுக்கும் இரண்டு பக்கம். அடித்துக் கொடுத்துவிட்டார்.

அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் மேலே பேச்சு நிற்க வேண்டும். அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, தொலைபேசி பார்த்துக்கொள்ளும் அம்மாள் கணக்குச் சொன்னார்.

"காலையிலேர்ந்து நாப்பத்தொரு போன் வந்துச்சு. முன்பக்கம் படிச்சவங்க நன்றி சொல்றாங்க. பின்பக்கம் படிச்சவங்களும் நன்றி சொல்றாங்க. ரெண்டையும் படிச்சவங்க மொத்தமே மூணு பேரு."

"மூணே பேருதானா?" என்றார் கடுதாசி. நிம்மதியாகவும் இருந்தது, எழுதியவன் என்ற முறையில் கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

"அதுல ஒருத்தர் உங்க அக்கா."

அந்த வேனில் வாரம் மூன்று நாள் போய்வருபவர்களில் அக்காவும் ஒருவர்.

உள்ளறையில் உறுப்பினர் தாளை ஒருமுறை திருப்பினார், மறுபடி திருப்பினார். படிப்பதற்காக அல்ல, அச்சு பின்னால் ஊறியிருக்கிறதா என்று பார்ப்பதைப்போல.

"தப்பு என்னுது மேடம். திருத்தம் ஒண்ணு போட்டுடலாம். எந்தப் பக்கம் சரின்னு மட்டும் நீங்க சொன்னீங்கன்னா..."

"ரெண்டுமே நல்லாத்தானே எழுதியிருக்கீங்க."

"வாக்கெடுப்பு அடுத்த வியாழன் மேடம்."

"பார்க்கலாம்."

"எப்ப மேடம்?"

"நல்ல கேள்வி," என்றார் உறுப்பினர். கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்தது. இருவருமே அதற்கு நன்றியுடன் இருந்தார்கள்.

அக்கா முப்பது வருடம் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். சீசாவின் லேபிளைச் சுற்றிலும் படித்த பிறகுதான் மூடியைத் திறப்பார். அப்படிப்பட்டவர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்ததோடு விட்டுவிடுவார் என்று நினைத்தது கடுதாசியின் இரண்டாவது தவறு. மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது தாள் சாப்பாட்டு மேசைமேல் விரித்திருந்தது, அதன்மேல் அக்காவின் மூக்குக் கண்ணாடி.

"டேய், இங்க வா. முன்பக்கத்துல, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, ஊசி குத்தற கைக்கு நோகாம ஒத்தக் கையால தலை வாரிக்கிட்டு வேனுக்குக் காத்திருக்கற ஒரு பெண்மணின்னு போட்டிருக்கே. அது யாரு?"

"பொதுவா ஒரு பெண்மணிக்கா."

"பொதுவா ஒரு பெண்மணிக்கு எப்படிடா என்னோட பச்சை ஸ்வெட்டர் போச்சு?"

கடுதாசி அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"பின்பக்கத்துல அவளைக் காணோமே."

"அங்க இடம் பத்தலக்கா."

"பூங்காவுல பெஞ்சு திறக்கறதுக்கு மட்டும் இடம் பத்தியிருக்கு."

அது உண்மைதான். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பூங்காவில் புதிய பெஞ்சைத் திறந்துவைக்கும் நிகழ்ச்சி இரண்டு பக்கமும் கட்டம் கட்டிப் போடப்பட்டிருந்தது. கடிதத்தில் முன்னுக்குப்பின் முரணில்லாத ஒரே செய்தி அதுதான்.

"சரி, அதெல்லாம் விடு. அடுத்த மாசம் வேன் வருமா, வராதா?"

வேன் ஓடத் தொடங்குவதற்கு முன்பு அக்கா இரண்டு பேருந்து மாறிப் போய்வந்தார். ஒருநாள் திரும்பும் வழியில் நிறுத்தத்திலேயே சரிந்து விழுந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, "கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னார். எதிர்க்கடைக்காரர் வந்து சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கே கடுதாசி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். மூன்று தேர்வுகளுக்குப் பிறகு, சோதிக்க வந்த அதிகாரி தாமாகவே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

இத்தனையும் தெரிந்த கடுதாசி வாயைத் திறந்தார். "பார்க்கலாம்க்கா," என்று அது சொன்னது.

அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, லேபிள் மாற்றி ஒட்டிய சீசாவைப் பார்ப்பதுபோல் தம்பியைப் பார்த்தார்.

"அங்க எழுதிக்குடுக்கறதோட நிறுத்திக்கக் கூடாதா? இங்க வந்தும் அவங்கள மாதிரியே பேசணுமா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பெஞ்சு திறப்புக்கு வழக்கமாக ஒன்பது பேர் வருவார்கள், அதில் நான்கு பேர் பெஞ்சைக் கொண்டுவந்து வைத்தவர்களாக இருப்பார்கள். இந்தச் சனிக்கிழமை எழுபது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் கடிதம். உறுப்பினர் நாடாவை வெட்டி, உட்காருவதன் நன்மைகளைப் பற்றி நான்கு நிமிடம் நின்றுகொண்டே பேசினார். முடித்ததும் கூட்டத்திலிருந்து முடிதிருத்துபவர் ஒருவர் தாளை உயர்த்திக் காட்டினார்.

"மேடம், இதுல எந்தப் பக்கத்தை நாங்க நம்பறது?"

"நான் எப்பவும் உங்க பக்கம்தான்," என்றார் உறுப்பினர்.

கைதட்டினார்கள். முடிதிருத்துபவர் தாளைத் திருப்பிப் பார்த்து, பக்கத்திலிருந்த மனைவியிடம், "நம்ம பக்கம் எதுன்னு போடலியே," என்றார். ஆனால் அதற்குள் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

செருப்பு கடிக்கிறது என்று உறுப்பினர் புதுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடுதாசி மறுமுனையில் உட்கார்ந்தார். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

"மேடம், முன்பக்கத்துல வர்ற பச்சை ஸ்வெட்டர் எங்க அக்கா."

உறுப்பினர் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். முன்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். நிதானமாக, உதடு அசையப் படித்தார்.

"நான் இதைப் படிக்கறதே இல்ல, தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மூணாவது வருஷத்துலேர்ந்து. உங்களுக்கு சைக்கிள்னா உயிருன்னு எழுதினேன். நீங்க ஒண்ணும் சொல்லல."

"அதான் போற இடத்துலெல்லாம் சைக்கிள் மணி பரிசா குடுக்கறாங்களா. வீட்டுல பத்தொம்பது இருக்கு."

"மன்னிச்சுக்கங்க மேடம்."

"ஏன் உங்க அக்கான்னு முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன மேடம் சொல்லியிருப்பீங்க?"

அது என்னவென்று இருவருக்குமே தெரியும். பூங்காக் காவலர் வந்து வெட்டிய நாடாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

"திருத்தம் வேணாம் மேடம்," என்றார் கடுதாசி. "கடிதத்துல போடறதுக்காகக் கேக்கல. வேலைய விட்டு எடுக்கறதுன்னா எடுத்துடுங்க, அதையும் இப்பக் கேக்கல. சாயங்காலம் வீட்டுக்குப் போனா அக்கா கேப்பாங்க. வேன் வருமா, வராதா?"

உறுப்பினரின் உதடுகள் ஒட்டின. பதினோரு வருடப் பழக்கத்தில், அடுத்து வரப்போகும் சொல் கடுதாசிக்கு மனப்பாடம். ஆனால் அது வரவில்லை. உறுப்பினர் கடிதத்தை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், மடியில் வைத்துக்கொண்டார்.

"வராது," என்றார். "நான் ஆதரிச்சுத்தான் ஓட்டுப் போடப்போறேன். கட்சியில திட்டுவாங்க, திட்டட்டும். அப்படியும் அஞ்சு ஓட்டு குறையுது, ஒவ்வொருத்தரா கேட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணாந்தேதியிலேர்ந்து அக்காவுக்கு வேற வண்டி பாருங்க."