கையெழுத்து இல்லாத சீட்டு

அந்தக் கன்னியர் மடத்தில் பதினெட்டுப் பேர். சாப்பாட்டு மேசையில் பேச்சு கிடையாது. ஒருவர் நின்று புத்தகம் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். பெருநாட்களில் மட்டும் பேசலாம். அன்றைக்கும் சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. நன்றாக இருந்தாலும் சரி, நாசமாக இருந்தாலும் சரி, வந்ததை நன்றி சொல்லி விழுங்க வேண்டியதுதான்.

ஆகவே சமையல் சிஸ்டருக்குத் தன் கைப்பக்குவத்தைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி, தட்டுகள். பிறந்த வீட்டில் நான்கு அண்ணன்களுக்குச் சமைத்துப் பழகியவர் அவர். பிடிக்கவில்லை என்றால் அண்ணன்மார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள், விஷயம் அத்தோடு முடிந்தது. இங்கே யார் தள்ளுவது? அதனால் பரிமாறும் ஜன்னலின் திரையை ஒரு விரல் அளவு விலக்கி, யார் எவ்வளவு மிச்சம் வைக்கிறார் என்று பத்தொன்பது வருடமாக வேவு பார்த்து வந்தார். மிச்சம் இருந்துவிட்டால் மாலை ஜெபத்தில் மனம் நிற்காது.

இந்தத் தவக்காலத்துக்கு அந்த வேவையே விட்டுவிடுவது என்று தீர்மானித்தார். நாற்பது நாளும் என்ன தவம் செய்யப் போகிறோம் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தலைவியான மதரிடம் கொடுப்பது அந்த மடத்தின் வழக்கம். பெயர் போடுவதில்லை. உட்காரும் வரிசைப்படி வாங்கி, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு, அதே வரிசைப்படி மடித்துத் திருப்பித் தருவார். சமையல் சிஸ்டரின் இடம் வரிசையில் கடைசி. ‘தட்டுகளைப் பார்க்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தார்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு அடுப்படிக்கு வந்து, கைக்கு வந்த சீட்டைப் பிரித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘சமையல் சிஸ்டர் வைப்பதை முகம் சுளிக்காமல், மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன்’ என்று இருந்தது. யாருடைய எழுத்து என்று பிடிபடவில்லை. கீழே மதரின் கையெழுத்தும் இல்லை. இவ்வளவு கடுமையான தவம் எந்த மனுஷிக்கும் வேண்டாம் என்று மதரே மறுத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு சீட்டைவிட அதிகமாக வலித்தது.

யாராக இருக்கும்? தையல் சிஸ்டரா, ஆர்மோனியம் வாசிப்பவரா, தோட்டத்து சிஸ்டரா? திரை இரண்டு அடி தூரத்தில் தொங்கியது. ஒரே ஒரு விரல் போதும். ஆனால் எழுதிக் கொடுத்தாயிற்று. பலமுறை திரைவரை போன கையைப் பின்னுக்கு இழுத்து, கரண்டியைப் பிடித்துக்கொண்டார். பூண்டைக் கூட்டினார், மிளகைக் கூட்டினார், சூப்பை இன்னும் அரை மணி கொதிக்க விட்டார். ருசி பார்த்தால் அவருடைய நாக்குக்கு நன்றாகத்தான் இருந்தது. கழுவ வரும் தட்டுகளைப் பார்க்காமல் முடியுமா? எல்லாம் காலியாகவே திரும்பி வந்தன. முன்பு காலித் தட்டைக் கண்டால் குளிர்ந்த மனசு, இப்போது இதில் எது எவளுடைய சிலுவையோ என்று அடித்துக்கொண்டது.

உயிர்ப்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னால், குருத்து ஞாயிறு வந்தபோது முடிவுக்கு வந்துவிட்டார். பெருநாள் அன்றே சாவியை ஒப்படைத்துவிட்டுத் தையல் அறைக்குப் போய்விடுவது. ஊசி தவறினால் தன் விரலில்தானே குத்தும், பதினேழு பேருடைய நாக்காவது தப்பிக்கும். அடுப்படியை விட்டுப் போக அவருக்குத் துளியும் மனமில்லை. பெரிய வெள்ளியன்று, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார்.

உயிர்ப்பு ஞாயிறு. திருப்பலி முடிந்ததும் மதரின் அறைக்குப் போய், சாவியையும் சீட்டையும் மேசைமேல் வைத்தார். இதை எழுதியவர் யாரானாலும் அவர் பட்டது போதும், வேறு ஆளைப் போடுங்கள் என்றார்.

மதர் சீட்டைத் தொடவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ‘தட்டுகளைப் பார்க்க மாட்டேன்.’ கீழே கையெழுத்து இருந்தது.

“நம்ம ரெண்டு சீட்டும் மாறிப் போச்சு சிஸ்டர். உங்களுது கடைசி, அதுக்கு அடியில என்னுது. எனக்கு யாரு கையெழுத்துப் போடுறது?”

அறிவிப்பைக்கூடக் கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டுகிறவர் மதர். அவருடைய எழுத்து இப்படி இருக்கும் என்று சமையல் சிஸ்டருக்கு எப்படித் தெரியும்? திருநீற்றுப் புதன் சாயங்காலமே விஷயம் தெரிந்துவிட்டது, வந்து சொல்லத்தான் முகமில்லை என்று மதர் ஒப்புக்கொண்டார். பதினோரு வருடமாக எழுதுவது இதையேதானாம். ஒரு வருடமும் குருத்து ஞாயிறைத் தாண்டியதில்லை. இந்த வருடம்தான் சமையல் சிஸ்டர் திரையைத் தொடாமல் இருப்பதைப் பார்த்து ரோஷம் வந்து முடித்தாராம்.

“அவ்வளவு மோசமாவா இருக்கு, மதர்?”

“மோசமெல்லாம் இல்ல. உப்பு இல்ல.”

“டாக்டர்தானே குறைக்கச் சொன்னாரு. பெரிய மதருக்கு ரத்தக் கொதிப்புன்னு.”

“பெரிய மதர் ஆண்டவர்கிட்ட போய் பதினோரு வருஷம் ஆச்சு, சிஸ்டர்.”

சமையல் சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பழைய தலைவி ஒருவருக்காக இரண்டு உலை எதற்கு என்று அப்போது எல்லோருக்கும் சேர்த்துக் குறைத்தது. நாக்கும் பழகிப் போனது. கோவிலில் தவக்காலத்து ஊதாத் துணி போய்ப் பெருநாள் வெள்ளை வந்தது, வெள்ளை போய்ச் சாதாரண நாட்களின் பச்சை வந்தது. சூப்பு மட்டும் அப்படியே இருந்தது. பதினோரு கிறிஸ்துமஸ்! மடம் முழுவதும் பதினோரு வருடம் விடாமல் தவக்காலம் அனுசரித்திருக்கிறது. ஒருத்தர்கூட ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“நான் கேட்டா உத்தரவாயிடும். நாக்குக்காக உத்தரவு போடலாமா? மத்தவங்களும் ஆளுக்கு ஒரு காரணம் வெச்சிருப்பாங்க.”

சமையல் சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் கண்ணும் நிறைந்தது. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

அன்று மதியம் தட்டுகள் உள்ளே போயின. நாற்பது நாள் முடிந்துவிட்டது, பார்க்கலாம். திரையை விரலால் இல்லை, கையால் விலக்கிப் பார்த்தார். பதினேழு தலைகளும் தட்டுகளின் மேல் குனிந்திருந்தன. தையல் சிஸ்டர் ரொட்டியால் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். மதர் இரண்டாம் முறை எடுத்துக்கொண்டிருந்தார். பெருநாள், வாசிப்பு கிடையாது, பேச அனுமதி உண்டு. ஒருவரும் பேசவில்லை.