கிடாவுக்குப் போட்ட ஊசி

செஞ்சி மாட்டாஸ்பத்திரி வாசலில் கிடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மஞ்சு நின்றாள். பக்கத்தில் மாமியாரும் புருஷனும். நாளைக்கு அவளை மண்டகப்பட்டில் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதென்று மாமியார் விருத்தாம்பாள் முடிவு கட்டியிருந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதுதான் குற்றம். மஞ்சுவிடம் குறை எதுவும் இல்லையென்று டாக்டர்கள் சொல்லியாயிற்று. அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? மகன் அன்புச்செல்வனைப் பரிசோதிக்கலாம் என்றால், "சிங்கமாட்டம் இருக்கான், அவனுக்கு இன்னா குறை?" என்று விருத்தாம்பாள் எகிறுவாள். அவனும் ஜிம்மில் ஏற்றிய புஜத்தைத் தடவிக்கொண்டு கம்மென்று இருப்பான்.

வீட்டுப் பொலிகிடாவுக்கும் அதே மரியாதைதான். தொண்டூர், அனந்தபுரம் என்று சுற்றுவட்டாரமே பெட்டை ஆடுகளை அதனிடம் ஓட்டிவரும். கொஞ்ச காலமாக ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. "உங்க ஆடுதான் மலடு" என்று விருத்தாம்பாள் எல்லோரையும் விரட்டினாள். இரண்டு முறை குட்டி போட்ட ஆட்டை ஒருத்தி வாசலில் நிறுத்தி விருத்தாம்பாளைக் கிழிகிழியென்று கிழித்த பிறகுதான் கிடாவை இங்கே கொண்டுவர மனசு வந்தது. கோளாறென்றால் நேரே கறிக்கடை.

டாக்டர் அனு வெளியே வந்தார்.

"விந்துல உயிரணு ஒண்ணுகூட இல்ல. ஊசி ஏதாவது போட்டீங்களா?"

அன்புச்செல்வன் தலையைச் சொறிந்தான். "ஜிம்முல குடுத்த ஊசிங்க மேடம். கிடா நல்லா வேகமா இருக்கட்டும்னு போட்டேன். சினை நிக்கலன்னதும் இன்னும் கொஞ்சம் ஏத்திப் போட்டேன்."

"அது ஆண் ஹார்மோன்ப்பா! வெளியிலேருந்து ஏத்தினா, இருக்கறதே போதும்னு மூளை நினைச்சிக்கும். விதைக்கு வேலை சொல்றத நிறுத்திடும். உடம்பு பெருக்கும், உள்ள உயிரணு உற்பத்தி நின்னுடும்."

"அப்ப கறிக்குத்தானா?" விருத்தாம்பாள் முன்னால் வந்து கேட்டாள்.

"இந்த மருந்து உடம்புல இருக்கும்போது கறிக்குக் குடுக்கவே கூடாதும்மா. ஊசிய நிறுத்துங்க. பெரும்பாலும் சரியாயிடும். சில மாசம் ஆகும், பொறுத்துக்கணும்."

"பொறுத்துக்கறேன் தாயி! ஒரு வருசம் ஆனாலும் பொறுத்துக்கறேன்." விருத்தாம்பாள் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மஞ்சு டாக்டர் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். அதே ஊசியைப் புருஷன் தன் தொடையில் போட்டுக்கொள்வதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"மேடம், மனுசங்க போட்டுக்கிட்டா?"

"மனுசனுக்கும் இதே கதிதான்."

மஞ்சு புருஷனைப் பார்த்தாள். அவன் நிமிரவே இல்லை. ஆச்சரியப்படக்கூட இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஊசியாலன்னு தெரியாது மஞ்சு."

"அப்ப இன்னா தெரியும்?"

"விழுப்புரத்துல டெஸ்ட் எடுத்தேன். உயிரணு இல்லன்னாங்க."

"எப்போ?"

"பொங்கலுக்கு முன்னாடி."

ஆடி பிறந்துவிட்டது. இத்தனை மாதமும் ஊர் அவளை மலடி என்றது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். மஞ்சுவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கயிற்றை மாமியார் கையில் திணித்தாள்.

"ஆட்டுக்கு ஒரு வருசம் குடுக்கறீங்க அத்த. எனக்கு நாளைக்கு வரைக்கும்தான் குடுத்தீங்க."

 மஞ்சு மண்டகப்பட்டு பஸ்ஸைப் பிடிக்க இன்றைக்கே நடந்தாள்.