இரண்டாவது நகர்த்தலிலேயே வெளியே வந்த ராஜா

எங்கள் தெரு பல் டாக்டரம்மா வாசற்கதவைப் பூட்டினால், பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்காமல் கிளினிக்குக்குக் கிளம்பமாட்டார். சதுரங்கமும் அப்படியே. ராஜாவைக் கோட்டைக்குள் பத்திரப்படுத்திய பிறகுதான் சண்டைக்கே வருவார். "அவங்க ஆட்டம் பார்த்தா தூக்கம் வருது" என்று வங்கி மேனேஜர் சொல்லித் திரிந்தது எனக்கே தெரியுமென்றால், ஊருக்கே தெரியும் என்று அர்த்தம்.

அந்த மேனேஜரோடுதான் சதுரங்க மன்றப் போட்டியின் கடைசிச் சுற்று. டிரா ஆனால்கூட, அணியின் தலை ஆட்டக்காரர் உட்காரும் முதல் பலகை டாக்டரம்மாவுக்கே. தோற்றாலோ, வருஷக்கணக்காக உட்கார்ந்த அந்த இடம் மேனேஜருக்குப் போய்விடும்.

இரண்டாவது நகர்த்தல். டாக்டரம்மாவின் கண் நகர்த்தலைக் குறித்துவைக்கும் தாளில், கை பலகையில். மந்திரியை எடுக்கப் போன விரல், பக்கத்து ராஜாவைத் தூக்கிவிட்டது.

"தொட்டுட்டீங்களே மேடம்!" மேனேஜர் குரலில் லாட்டரி விழுந்த உற்சாகம்.

நடுவர் வந்தார். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். ராஜாவுக்கு இருந்தது முன்னாலுள்ள ஒரே கட்டம். கோட்டைக்குள் போகும் உரிமையும் அதோடு காலி.

"போச்சுக்கா, ராஜா குளிச்ச துண்டோட தெருவுக்கு வந்துட்டாரு" என்று பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த டாக்டரம்மாவின் கணவர் என் காதைக் கடித்தார்.

நானாக இருந்தால் நடுவரின் பரம்பரையையே இழுத்திருப்பேன். அந்த அம்மாவோ, ராஜாவைக் கட்டத்தின் நட்டநடுவில் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினார்.

மேனேஜருக்கு அவசரம். ராணியை ஏவி ராஜாவை விரட்டு விரட்டென்று விரட்டினார். டாக்டரம்மா ஒதுங்கினார், மறைத்தார், சமயம் பார்த்துத் தன் ராணியை எதிரே கொண்டுவந்து வைத்தார். இரண்டு ராணிகளும் வெட்டுப்பட்டன. மிரட்ட ஆளில்லாத பலகையில், நடுவில் நிற்கிற ராஜாவுக்கு எவ்வளவு தெம்பு! மூலைக் கோட்டையிலிருந்து மேனேஜரின் ராஜா எட்டிப் பார்ப்பதற்குள், டாக்டரம்மாவின் ராஜா எதிரிச் சிப்பாய்களை மேய ஆரம்பித்திருந்தார்.

"டிரா வச்சுக்கலாமா மேடம்? உங்களுக்கு அதுவே போதுமே."

சரின்னு சொல்லு என்று கணவர் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார்.

"ஆட்டம் நல்லாத்தானே போகுது சார்" என்று ராஜாவை இன்னொரு கட்டம் முன்னே வைத்தார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்தான். மேனேஜர் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினார்.

"உண்மையைச் சொல்லுங்க, வேணும்னேதானே ராஜாவைத் தொட்டீங்க?"

"ஐயோ, கை தவறிடுச்சு சார். முதல் பலகை போச்சுன்னே நினைச்சேன். இங்க பாருங்க."

விரித்த உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது. மேனேஜர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.